நடவு கடைசி வேலை: கென்யத் தென்கரையில் அலையாத்திக் காட்டை மீட்பது எப்படி

மொம்பாசாவுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில், குவாலே மாவட்டத்தில், காஸி விரிகுடா இருக்கிறது. அந்தக் கரையில் சில பருவங்கள் ஊராரோடு சேற்றில் நின்று கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக வரும் தன்னார்வக் குழுக்கள், மாணவர்கள், நிதியோடு வரும் அமைப்புகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கையில் நாற்றோடு வந்து, எங்கே நடலாம் என்று கேட்கிறார்கள். கீழேயுள்ள வரிசையில் நடவு 7ஆம் படியில்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மொம்பாசா கிலிண்டினி துறைமுகத்தின் ஓத அட்டவணை, அதாவது கடல் எப்போது எவ்வளவு ஏறும், வற்றும் என்ற பட்டியல், ஓர் ஆண்டு முழுமைக்கும். சென்டிமீட்டர் கோடு போட்ட கம்புகள் பத்து. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் லெவல். மண்ணின் உப்பைப் பார்க்க ஒரு கை ரிஃப்ராக்டோமீட்டர், இரவல் கிடைத்தால் போதும். தண்ணீரில் நனைந்தாலும் அழியாத பென்சில், ஒரு நோட்டு. இவற்றைவிட முக்கியம், அந்தக் கழிமுகத்தை முப்பது நாற்பது ஆண்டாகப் பார்த்துவரும் இரண்டு பேர்: ஒரு மீனவர், நண்டோ சிப்பியோ பொறுக்கப் போகும் ஒரு பெண்.

1. இங்கே ஏன் தானாக முளைக்கவில்லை என்று கேளுங்கள்

ஆரோக்கியமான அலையாத்திக் காடு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான விதைகளைத் தண்ணீரில் விடுகிறது. பக்கத்தில் காடு இருந்தும் ஓரிடம் பத்தாண்டாக வெறுமையாகக் கிடந்தால், அங்கே ஏதோ ஒரு தடை இருக்கிறது. அந்தத் தடை உங்கள் நாற்றையும் கொல்லும்.

தடைகளில் அடிக்கடி கண்ணில் படுபவை நான்கு. மரம் வெட்டுவது இன்னும் நின்றிருக்காது. சாலையோ உப்பளக் கரையோ ஓதத்தின் வழியை அடைத்திருக்கும். மேட்டுநிலத்து மண் வந்து வேரை மூடியிருக்கும். மொம்பாசாவை ஒட்டிய ம்வாச்சே ஓடையில் 1997-98 எல் நினோ மழையில் வந்த வண்டல் அப்படித்தான் மரங்களைப் பெருமளவில் சாகடித்தது. இல்லையென்றால் அந்த இடம் எந்தக் காலத்திலும் அலையாத்திக் காடாக இருந்திருக்காது.

நான்காவதுதான் புதியவர்களை ஏமாற்றுவது. கடல் பக்கம் விரிந்து கிடக்கும் சேற்றுவெளி காலியாகத் தெரியும். யாருக்கும் சொந்தமில்லாதது, நடவும் எளிது. ஆனால் அங்கே கடற்புல் இருக்கும், பறவைகள் இரை தேடும், பெண்கள் சிப்பி எடுப்பார்கள். நான் சேர்ந்த முதல் குழு அப்படியொரு வெளியில்தான் நட்டது. மூன்றே மாதத்தில் குச்சிகள் மட்டும் நின்றன. அந்த ஊர்ப் பெண்களிடம் முன்பே கேட்டிருந்தால், "அங்கே மரமே இருந்ததில்லை" என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள்.

பழைய வான்படங்களைப் பாருங்கள், மூத்தவர்களிடம் கேளுங்கள், சேற்றில் அடிக்கட்டைகளைத் தேடுங்கள். அடிக்கட்டை இருந்தால் அங்கே காடு இருந்தது உறுதி.

2. அனுமதியும் ஊரின் சம்மதமும்

கென்யாவில் அலையாத்திக் காடுகள் 1932இலிருந்தே அரசு வனம். ஆகவே கென்ய வனச் சேவையிடம் அனுமதி வாங்காமல் ஒரு குச்சிகூட நட முடியாது. 2016ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அந்தப் பகுதிக்குச் சமூக வனச் சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்களின் மேலாண்மைத் திட்டத்துக்குள் உங்கள் வேலையும் வர வேண்டும். படகு இறங்கும் துறைகளைக் கவனிக்கும் கடற்கரை மேலாண்மைக் குழுவையும் விட்டுவிடாதீர்கள்.

தாளில் அனுமதி வாங்கிவிட்டு ஊரைக் கேட்காமல் விடுவது பெரும் பிழை. எந்த வாய்க்கால் வழியாகப் படகு போகிறது, ஆடு மாடு எங்கே இறங்குகிறது, யார் வீட்டுக்கு எங்கிருந்து விறகு வருகிறது என்பதெல்லாம் அனுமதிக் கடிதத்தில் இருக்காது. கூட்டத்தில் ஆண்கள்தான் பேசுவார்கள். பெண்களைத் தனியே சந்தித்துக் கேளுங்கள். சேற்றில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள்.

3. தண்ணீரை அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அலையாத்தி மரம் உப்புநீரில் நிற்கும் மரம், மூழ்கிக் கிடக்கும் மரம் இல்லை. வேர்கள் காற்றில் மூச்சுவிட வேண்டும். பொதுவாக, மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் மூடும் நிலத்தில்தான் இவை வளரும். உயரத்தில் ஒரு சாண் தவறினாலும் நாற்று செத்துவிடும்.

மட்டம் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம், கடலே மட்டம். காற்றில்லாத நாளில், ஏற்றம் உச்சத்துக்கு வந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் சில நிமிடங்களில், பத்துப் பேர் பத்து இடத்தில் கோடு போட்ட கம்போடு நின்று ஒரே நேரத்தில் ஆழத்தைப் படியுங்கள். ஐந்து பேர் நடப்போகும் நிலத்தில், ஐந்து பேர் பக்கத்திலுள்ள நல்ல காட்டுக்குள். இரண்டு இடத்து ஆழமும் ஒத்திருந்தால் நிலத்தின் உயரமும் ஒத்திருக்கிறது. ஆழம் கூடுதலாக இருந்தால் உங்கள் நிலம் அந்த அளவுக்குத் தாழ்வு. தண்ணீர் வராத மேட்டுப் பகுதிகளுக்கு டியூப் லெவல் போதும்.

அடுத்து அட்டவணையோடு இணைக்க வேண்டும். அன்றைய ஏற்றம் 3.4 மீட்டர் என்று அட்டவணை சொல்கிறது, உங்கள் கம்பு 90 சென்டிமீட்டர் காட்டுகிறது என்றால், அந்த இடத்தின் உயரம் அட்டவணைக் கணக்கில் 2.5 மீட்டர். இனி 2.5க்கு மேலுள்ள ஏற்றமெல்லாம் அந்த நிலத்தை மூடும். ஆண்டு முழுக்க எத்தனை என்று எண்ணிவிடலாம். ஒரே நாள் அளவை நம்பாதீர்கள், வேறு வேறு நாட்களில் மூன்று முறையாவது செய்யுங்கள்.

இந்தக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தை ஊரில் பம்வூவா என்பார்கள். இடைப்பட்ட சிறிய ஏற்றத்துக்குப் பெயர் மாஜி மாஃபு, அதாவது செத்த தண்ணீர். செத்த தண்ணீர் நாட்களில் மேல்பகுதிக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. அங்கே வெயிலில் நீர் ஆவியாகி மண்ணில் உப்பு கூடும். அதனால் அந்த நாட்களில் அரை அடிக்கு மேல் குழி தோண்டி, ஊறும் நீரின் உப்பைப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குழிநீரில் அதைவிட மிக அதிகமாக இருந்தால் எந்த நாற்றும் தவிக்கும்.

4. தடையை நீக்குங்கள்

கரை அடைத்திருந்தால் கரையை உடைப்பது, சாலை அடைத்திருந்தால் அடியில் குழாய் போடுவது, தூர்ந்த ஓடையைத் தோண்டுவது எல்லாம் இந்தப் படியில் வரும். நடவைவிட இது செலவு கூடிய வேலை, படம் எடுத்துப் போடவும் அழகாக இருக்காது. அதனாலேயே பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, உப்பேறிப் பள்ளமாகிப்போன நிலத்துக்குள் ஓதத்தைக் கொண்டுவந்த பிறகே அங்கே நடவு எடுபட்டது. கென்யாவிலும் அதே நியாயம்தான். ஆனால் வாய்க்காலை அப்படியே நகலெடுக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே வருவதோடு முழுக்க வடிந்து போகவும் வேண்டும். வடியாமல் தேங்கினால் வேர் அழுகும். முதலில் ஒரே ஒரு வாய்க்காலை வெட்டி, ஒரு பம்வூவா சுற்று முடியும்வரை பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

5. பொறுத்திருங்கள்

தடை நீங்கியதும் ஒரு விதைப் பருவம் சும்மா விடுங்கள். அப்புறம் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரங்கள் சிலவற்றைக் கயிறு கட்டிப் பிரித்து, தானாக முளைத்த கன்றுகளை எண்ணுங்கள். ஹெக்டேருக்கு 2,500 கன்று, அதாவது ஒரு சதுரத்துக்கு 25, பரவலாக இருந்தால் நடவே வேண்டாம். இடத்துக்கு ஏற்ற இனத்தைக் கடலே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

அதைவிடக் குறைந்திருந்தாலும், விதை வந்து சேரவில்லையா, வந்த விதை நிற்கவில்லையா என்று பாருங்கள். விதை வராமலிருந்தால் நடவு உதவும். வந்தும் நிற்கவில்லை என்றால் 1ஆம் படிக்குத் திரும்ப வேண்டும். நிதி கொடுத்தவர் நாற்று எண்ணிக்கை கேட்டு நெருக்கும்போது இந்தப் பொறுமை கடினம். ஒப்பந்தம் எழுதும்போதே நட்ட எண்ணிக்கைக்குப் பதிலாக மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள்.

இலங்கையில் 2004 சுனாமிக்குப் பின் நடந்த அலையாத்தி நடவுகளை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தபோது, 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட இல்லை. ஏற்காத நிலம், பொருந்தாத இனம், பார்க்க ஆளில்லாத நடவு என்று மேலே சொன்ன பிழைகளே அங்கேயும் நடந்தன.

6. எந்த நிலத்துக்கு எந்த மரம்

கென்யக் கரையில் ஒன்பது இனங்கள் இருக்கின்றன. நடவில் பெரும்பாலும் ஒன்றையே பார்ப்பீர்கள்: சுவாஹிலியில் ம்கோகோ, நம் சுரபுன்னை. காரணம் எளிது. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். பொறுக்கிவந்து சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. எளிது என்பதற்காக அதையே எல்லா இடத்திலும் நட்டால், கடலோரத்தில் அலை பிடுங்கும், மேட்டில் உப்பு எரிக்கும்.

கடலைப் பார்த்த முகப்பில் ம்லிலானா நிற்கும். அதற்குப் பின்னால், நாளும் தண்ணீர் வந்துபோகும் சேற்றில் ம்கோகோ. கொஞ்சம் மேலேறினால் முயியாவும், வீட்டுக் கூரைக்குக் கம்பு தரும் ம்கந்தாவும். பம்வூவா மட்டுமே எட்டும் மணற்பாங்கான மேட்டில் ம்ச்சு, அதாவது வெண்கண்டல். ம்ச்சு கடல்முகப்பிலும் வரும், மேட்டிலும் வரும், நடுவில் குறையும். கூடுதல் உப்பைத் தாங்குவது இந்த இனம்தான்.

இது பொதுக் கணக்கு. உங்கள் ஓடையில் இது மாறலாம். 3ஆம் படியில் அளந்தீர்களே, பக்கத்துக் காட்டில் அதே உயரத்தில் எந்த மரம் நிற்கிறதோ, அதைத்தான் நட வேண்டும்.

7. விதை, நாற்றங்கால், நடவு

ம்கோகோவின் முளைக்காய் பழுத்துவிட்டதா என்பதைக் காய்க்கும் முளைக்கும் இடையிலுள்ள கழுத்தைப் பார்த்துச் சொல்லலாம். மஞ்சள் வளையம் தெரிந்தால் பழுத்தது. லேசாகத் திருகினால் கையோடு வரும். வராததைப் பிடுங்காதீர்கள், குருத்து உடைந்துவிடும். பூச்சித் துளை இருப்பதையும் நுனி முறிந்ததையும் அங்கேயே கழித்துவிடுங்கள். ஒரே மரத்திலிருந்து எல்லாவற்றையும் எடுக்காமல் பல மரங்களிலிருந்து எடுங்கள்.

எடுத்ததை உடனே நடவேண்டியதில்லை. நிழலில், ஈரச் சாக்கு மூடி ஒரு வாரம் வையுங்கள். புதிதாகப் பறித்ததை நண்டுகள் விரும்பித் தின்னும். கொஞ்சம் வாடியதை அந்த அளவுக்குத் தொடுவதில்லை.

ம்கோகோவுக்கும் ம்கந்தாவுக்கும் நாற்றங்கால் தேவைப்படாது, நேரடியாகக் குத்தலாம். ம்ச்சுவுக்கும் ம்லிலானாவுக்கும் வேண்டும். ம்ச்சு விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் தானே கழன்றுவிடும். ம்லிலானாவின் பழத்தை ஊறவைத்துப் பிசைந்து, சிறு விதைகளை அலசி எடுக்க வேண்டும். இதில் பொறுமை நிறைய வேண்டும்.

நாற்றங்காலை ஏற்றத்தின்போது தண்ணீர் தொட்டுப் போகும் இடத்தில் அமையுங்கள். தினமும் குடத்தில் நீர் சுமக்கும் வேலை மிச்சமாகும், நாற்றும் முதல் நாளிலிருந்தே உப்புக்குப் பழகும். மேலே தென்னங்கீற்றுப் பந்தல். கீற்று முடைவதில் அந்தக் கரைக்காரர்கள் நம்மவர்களைப் போலவே கைதேர்ந்தவர்கள். மூன்று நான்கு மாதத்தில் நாற்று ஓரடி ஆகிவிடும். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே கீற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுங்கள். நிழலில் வளர்ந்த நாற்றைத் திடீரென்று வெயிலில் நட்டால் முதல் வாரத்திலேயே இலை கருகும்.

நடும் பருவம் மழையைப் பொறுத்தது. மார்ச் முதல் மே வரை மசிகா பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வூலி சிறுமழை. மழை மண்ணின் உப்பைக் கழுவிவிடும், அதனால் மழை தொடங்கிய பின் நடுங்கள். தாழ்வான சேற்றில் செத்த தண்ணீர் நாட்களில் நட்டால், நீரோட்டம் வேகமெடுக்குமுன் வேர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மேட்டுப் பகுதியில் இதற்கு நேர்மாறு: பம்வூவா தொடங்கும் நாட்களில் நட்டால்தான் தண்ணீர் கிடைக்கும்.

முளைக்காயின் கூர்நுனி கீழே, மொட்டு மேலே, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். தலைகீழாக நடுபவர்களை ஒவ்வொரு நடவிலும் பார்க்கிறேன். ஆகவே நூறு பேர் வரும் நிகழ்ச்சி என்றால் பத்துப் பேருக்கு ஓர் ஊர்க்காரர் என்று வைத்து, முதல் ஐந்து குச்சியை அவர் பார்த்த பிறகே தொடர விடுங்கள். முழுக்காயையும் புதைத்தால் அழுகும், மேலோட்டமாகச் செருகினால் மிதந்து போய்விடும். பையில் வளர்ந்த நாற்று என்றால் உறையை முழுக்கக் கழற்றுங்கள், வேரைச் சுற்றிய மண் உதிரக்கூடாது. கொண்டுபோன உறைகளின் எண்ணிக்கையும் திரும்பி வந்ததும் சரியாக இருக்க வேண்டும்.

இடைவெளி 1 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 10,000 கன்று போகும். கம்பு வெட்டத் தோப்பு வளர்ப்பவருக்கு அது சரி. காட்டை மீட்பவருக்கு 2 மீட்டர் போதும், 2,500தான் ஆகும். இடையில் தானாக வருபவைக்கு இடம் விடுங்கள். நேர்வரிசை தேவையில்லை. நடும்போது ஏற்கெனவே முளைத்த கன்றுகளை மிதித்துவிடாமல் ஒரே தடத்தில் நடக்கப் பழகுங்கள்.

8. முதல் மூன்று ஆண்டுகள்

1, 3, 6, 12ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் அதே சதுரங்களில் எண்ணுங்கள். உயிரோடு இருப்பது எத்தனை, உயரம் என்ன, தானாக வந்தவை எத்தனை என்று மூன்று பத்தி நோட்டில் இருந்தால் போதும்.

செத்ததைவிட எப்படிச் செத்தது என்பதே முக்கியம். தண்டு தரையோடு கடித்து வெட்டப்பட்டிருந்தால் நண்டு. தண்டு முழுக்கக் கொட்டலசு ஒட்டிச் சாய்ந்திருந்தால் நிலம் தாழ்வு, அதிக நேரம் மூழ்குகிறது. இலை விளிம்பு எரிந்திருந்தால் உப்பு. நுனி மேய்ந்திருந்தால் ஆடு. காரணம் தெரியாமல் செத்த இடத்திலேயே திரும்ப நடுவது நாற்றையும் ஊராரின் உழைப்பையும் வீணாக்கும். இரண்டு முறை அதைச் செய்தால் மூன்றாம் முறை யாரும் வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஏற்றத்தோடு வரும் பிளாஸ்டிக்கும் பாசியும் இளங்கன்றுகள் மேல் படிந்து சாய்த்துவிடும். பம்வூவா முடிந்ததும் ஒருமுறை போய் அகற்றுங்கள்.

9. கடல் ஏறுவதற்கு இடம் விடுங்கள்

100 மீட்டர் அகல அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம்வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள். இந்த வேறுபாடு மரத்தின் அடர்த்தியையும் வேரின் அமைப்பையும் பொறுத்தது. ஆகவே கரையோரம் இரண்டு வரிசை நட்டுவிட்டு ஊருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். புயலலைக்குத் தப்ப மேட்டுக்குப் போகும் வழியையும் ஊர் வைத்திருக்க வேண்டும்.

கடல்மட்டம் உயரும்போது காடு உள்நிலம் நோக்கி நகரும். அங்கே சாலையோ மதிற்சுவரோ தென்னந்தோப்பின் கரையோ இருந்தால் காடு நடுவில் நசுங்கிவிடும். திட்டப் படம் வரையும்போதே காட்டுக்குப் பின்னாலுள்ள உப்புத்தரையை வெற்று நிலம் என்று குறிக்காமல், காடு நாளை வரப்போகும் இடமாகக் குறியுங்கள். நில உரிமையாளர்களிடம் இப்போதே பேசுங்கள், அங்கே வீடு வந்த பிறகு பேச முடியாது.

மேட்டிலிருந்து ஓரளவு வண்டல் வருவதும் தேவை. வண்டல் படிந்து நிலம் உயர்ந்தால்தான் காடு கடலோடு ஈடுகொடுக்கும். ம்வாச்சே மாதிரி ஒரேயடியாக வந்தால் கொல்லும், அறவே நின்றால் மெல்ல மூழ்கும். ஆற்றின் மேல்பகுதியில் என்ன நடக்கிறது என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

10. விறகும் பணமும்

காட்டை மூடிவிட்டு, அடுப்புக்கு என்ன எரிப்பது என்று சொல்லாமல் போனால் வெட்டு அடுத்த ஓடைக்கு நகரும், அவ்வளவுதான். காஸியில் இதற்காகவே மேட்டு நிலத்தில் சவுக்கு நட்டார்கள். விறகுக்கும் கம்புக்கும் அது வேகமாக வரும். அலையாத்தி நடவுக்கு ஓராண்டாவது முன்பே சவுக்கை நட்டுவிடுங்கள், கன்று நிற்கும் நேரத்தில் விறகும் கிடைக்கத் தொடங்க வேண்டும்.

கார்பன் வருமானத்தைப் பற்றி, அதாவது காடு பிடித்துவைக்கும் கார்பனுக்காகக் கிடைக்கும் பணத்தைப் பற்றி, கேட்காதவர்கள் இல்லை. காஸி, மகோங்கேனி ஊர்கள் சேர்ந்து 2013இல் தொடங்கிய மிகோகோ பமோஜா என்ற கார்பன் திட்டம் 117 ஹெக்டேரைக் காக்கிறது. அதில் 107 ஹெக்டேர் இயற்கைக் காடு, நட்டது 10 ஹெக்டேர் மட்டுமே. இருக்கும் காட்டை வெட்டாமல் காப்பதுதான் அங்கே பெரும்பகுதி. தெற்கே தான்சானியா எல்லையை ஒட்டிய வாங்காவில் பின்னர் தொடங்கிய திட்டமும் அந்த வழியில்தான் வந்தது. நாலு ஹெக்டேர் நட்டுவிட்டுக் கார்பன் பணத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு அளவீடு, சான்றிதழ், ஆண்டுத் தணிக்கை ஆகியவற்றின் செலவே மிஞ்சும். முதலில் பக்கத்தில் மிச்சமிருக்கும் காட்டைக் கணக்கில் சேருங்கள்.

பணம் வரத் தொடங்கினால், எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும். காஸியில் குடிநீருக்கும் பள்ளிக்கும் போயிருக்கிறது. வரவையும் செலவையும் பெரிய எழுத்தில் சுவாஹிலியில் எழுதி, குடிநீர்க் குழாயடி மாதிரி எல்லோரும் தினமும் வந்துபோகும் இடத்தில் ஒட்டுங்கள்.